கன்று நமக்கு, பை யாருக்கு?

மரம் நடுவோரை ஏசுவார் எவருமில்லை. கன்று கொடுக்கும் கையை ஊர் வாழ்த்துகிறது; அதைப் பெற்றுக்கொள்ளும் கையையும் வாழ்த்துகிறது. ஆயினும், அந்தக் கன்றின் வேரைச் சுற்றியிருந்த கருநிறப் பாலித்தீன் பை பிறகு எங்கே போயிற்று என்று கேட்போர் நம்மிடையே மிகச் சிலரே. விழா முடிந்ததும் நட்ட கன்றுகள் எத்தனை என்னும் கணக்கு நோட்டில் ஏறுகிறது. கழற்றிய பைகள் எத்தனை, அவற்றுள் திரும்பி வந்தவை எத்தனை என்னும் கணக்கு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அந்த இரண்டாம் கணக்கைக் கேட்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். கேட்பதோடு நில்லாமல், பழைய செய்தித்தாளைச் சுருட்டி வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க நாற்றுத் தொட்டியை, அது பொருந்தும் இடங்களிலெல்லாம் அந்தப் பைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டும் என்று வாதிடவும் விழைகிறோம்.

போடிநாயக்கனூரிலும் அதன் மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளிலும் வாழ்வோருக்கு நாற்று என்பது ஏட்டுச் செய்தியன்று, சோற்றுச் செய்தி. விளைந்த ஏலக்காய் விலை பேசப்படுவது போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கும் ஏலங்களில்தான். நாள்தோறும் விடியலில் ஜீப்புகள் தொழிலாளரை, அவருள்ளும் பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகத் தோட்டங்களுக்குச் செல்கின்றன. கீழே சமவெளியில் மாந்தோப்பும் தென்னையும் இலவமரமும் நிற்கின்றன. கிணற்றுப் பாசனத்தில் தக்காளியும் மிளகாயும் கத்தரியும் விளைகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஒரு சாண் உயர நாற்றாக இருந்தவை. நாற்று எதில் வளர்கிறது என்பது நமக்குச் சிறிய கேள்வியாகத் தோன்றலாம். நிலத்துக்கு அது சிறிய கேள்வியன்று.

மலைச்சரிவில் எறியப்பட்ட பைக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, மண்ணுக்குள் புதைய வேண்டும். அல்லது மழைநீரோடு இறங்க வேண்டும். கிழக்குச் சரிவின் நீர் கொட்டகுடி ஆறாகி வைகையில் கலக்கிறது. மேற்குச் சரிவின் நீர் பன்னியாறு போன்ற ஆறுகளின் வழியே பெரியாற்றைச் சேர்கிறது. ஆக, மெட்டின் மேல் ஒருவர் அலட்சியமாக விட்டெறிவது இரு மாநிலங்களின் குடிநீருக்குள் இறங்கும் வாய்ப்புடையது. பாலித்தீன் மட்குவதில்லை, வெயிலில் நைந்து துணுக்குகளாகிறது. துணுக்கான பின் அதைப் பொறுக்கி எடுக்க எந்தக் கையாலும் இயலாது. நையும் முன் மாடு அதைத் தின்றால் அதன் இரைப்பையில் தங்கிவிடுகிறது.

பையினால் கன்றுக்கேனும் முழு நன்மை உண்டா எனில், அதுவும் இல்லை. பக்கச் சுவரை முட்டிய வேர் வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றி வளர்கிறது. அவ்வாறு சுருண்ட வேரை ஆய்ந்து சீராக்காமல் நட்டால், மரம் வளர்ந்த பின்னும் அந்தச் சுருள் நீங்குவதில்லை. பலத்த காற்றில் சாயும் மரங்களுள் சிலவற்றின் வரலாறு நாற்றங்காலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இதனினும் வேதனைக்குரியது, அவசரத்தில் பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கும் வழக்கம். நாளொன்றுக்கு இத்தனை குழி என்று வேலை அளந்து கொடுக்கப்படும்போது, பையைக் கீறி, மண்கட்டி உடையாமல் உருவி, அதை மடித்துச் சாக்கில் போட்டு மலையிறக்கும் நேரத்துக்கு யார் கூலி தருகிறார்? கூலி கணக்கிடப்படாத வேலையைச் செய்யவில்லை என்று தொழிலாளியைக் குறை கூறுவது அறமாகாது. பையை வாங்கியவர் யாரோ, அதைத் திரும்பக் கொணரும் பொறுப்பும் அவருடையதே.

சட்டம் இருக்கிறதே என்பர் சிலர். இருக்கிறது. தமிழக அரசு 2018 சூன் திங்களில் பிறப்பித்த ஆணையின்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. ஆனால் அதே ஆணை, அரசுத் துறைகளின் கொள்முதலுக்காகச் செய்யப்படும் வன, தோட்டக்கலை நாற்றங்கால் பைகளுக்கு விலக்கும் அளித்தது. 2022 சூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடைப்பட்டியலில் காது குடையும் குச்சியும் உறிஞ்சு குழலும் இடம்பெற்றன. நாற்றங்கால் பை இடம்பெறவில்லை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. கடைத்தெருவுக்குத் துணிப்பை திரும்பி வந்தது. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் குறிக்கோள். குறிக்கோள் போற்றத்தக்கது. ஆயினும், கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துச் செல் என்று சொல்லும் நாம், காட்டுக்குப் போகும்போது பாலித்தீன் பையைக் கொண்டுபோய் விட்டு வருகிறோமே, இது முரண் அன்றோ? மரக்கன்றுகள் மாதக்கணக்கில் நாற்றங்காலில் நிற்பவை. அவற்றுக்கு உறுதியான கொள்கலம் தேவை என்பது விலக்குக்கான நியாயமாக இருக்கலாம். அந்த நியாயம் 25 நாளில் பிடுங்கி நடும் தக்காளிக்கு எப்படிப் பொருந்தும்? விலக்கை விதியாக்கிக் கொண்டது நாமே.

இனி மாற்றைப் பார்ப்போம். காகிதத்தில் பாத்திரம் செய்வது நமக்கு அந்நியக் கலையன்று. பழந்தாளை நீரில் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, அந்தக் கூழால் முறத்தின் கண்களை அடைத்து மெழுகிய பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தனர். குடத்தின் புறத்தே அதே கூழை அப்பி, காய்ந்தபின் கழற்றித் தானியம் போடும் கூடையாக்கிக் கொண்டனர். எறியத்தக்கது என்று ஒன்றை அவர்கள் எளிதில் முடிவு செய்ததில்லை. நாற்றுத் தொட்டிக்கு அவ்வளவு உழைப்புங்கூட வேண்டியதில்லை.

முன்னும் பின்னும் அச்சான செய்தித்தாளின் ஒற்றைத் தாளை நீளவாக்கில் மூன்று பட்டைகளாகக் கிழித்துக்கொள்க. ஒரு பட்டையை நேரான சிறிய தம்ளர் அல்லது புட்டியின்மேல், அடிப்பக்கம் மூன்று நான்கு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்குமாறு சுற்றுக. நீண்ட பகுதியை உள்நோக்கி மடித்து அடித்தளமாக்கித் தரையில் அழுத்தித் திருகுக. தம்ளரை உருவிவிட்டால் தொட்டி தயார். பசையும் வேண்டா; செல்லோ டேப் கூடவே கூடாது. செம்மண், மணல், நன்கு மட்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, தொட்டிகளை ஒன்றையொன்று தாங்குமாறு ஒரு மரப்பெட்டியிலோ தட்டிலோ நெருக்கி அடுக்கி விதையிட வேண்டும். ஒற்றைத் தாளின் எடை ஏறத்தாழ 8 கிராம். எனவே ஒரு கிலோ பழைய தாளில் முந்நூறு தொட்டிகளுக்குக் குறையாமல் செய்யலாம். பழைய பேப்பர் கடையில் அந்த ஒரு கிலோவுக்கு நாம் பெறும் தொகை என்ன என்பதை வாசகர் அறிவர்.

நடும்போது அடித்தாளைச் சற்றே கிழித்துவிட்டு, தொட்டியோடு குழியில் வைக்க வேண்டும். வேர் அசையாது, மண்கட்டி உடையாது. ஒன்றை மட்டும் மறத்தல் ஆகாது: தாளின் விளிம்பு மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும். ஆகவே விளிம்பைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். அல்லது முழுவதும் மண்ணுக்குள் மூடிவிட வேண்டும்.

இதற்கு எதிராகக் கூறப்படுவன சில. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"தண்ணீர் பட்டால் கிழிந்துபோகும்" என்பது முதலாவது. கிழிய வேண்டும் என்பதற்காகவே அது காகிதம். நாம் கேட்க வேண்டியது, கிழிவதற்கு முன் அதன் வேலை முடிந்துவிடுமா என்பதே. தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் போதும். மூன்று சுற்றுத் தாள் தக்காளிக்குத் தாங்கும். மிளகாய்க்கு இன்னும் ஒரு சுற்றுக் கூட்டிக்கொள்ளலாம். பாகல், புடலை, பீர்க்கு, பூசணி ஆகியவற்றின் வேர் பிடுங்கி நடுதலைப் பொறுக்காது. முருங்கையையும் பப்பாளியையும் வேர் சிதையாமல் மாற்றி நடுவது கடினம். இத்தகைய பயிர்களுக்குத் தொட்டியோடு நடும் முறை பையைவிட மேலானது. செடிமுருங்கை இரகமான பி.கே.எம்.-1 நம் தேனி மாவட்டத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. அதன் பெயரிலுள்ள எழுத்துகளே பெரியகுளத்தைக் குறிக்கின்றன. வயலில் முளைக்காமற்போன குழிகளை நிரப்பக் கொஞ்சம் முருங்கைக் கன்றுகளைப் பைகளில் வளர்த்து வைப்பது வழக்கம். ஒரு மாதமே நிற்கும் அக்கன்றுகளுக்குப் பாலித்தீன் எதற்கு?

"மை நஞ்சு அல்லவா?" என்பது இரண்டாவது. கேள்வி நியாயமானது. அச்சு மையின் காரணமாகவே செய்தித்தாளில் உணவைப் பொதிதல் ஆகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரில் அறிவுறுத்தியது. ஆகவே வண்ணப் பக்கங்களையும் வழவழப்பான இணைப்பிதழ்களையும் விலக்கி, கருப்பு மையில் மட்டும் அச்சான தாள்களைக் கொள்வதே முறை. திருமண அழைப்பிதழ் போன்ற மெருகிட்ட அட்டைகளும் உதவா. அவை மட்குவதில் பிளாஸ்டிக்குக்குத் தம்பி. ஆனால் இந்த ஐயத்தை எழுப்புவோர் பலர் அதே செய்தித்தாளில் சூடான வடையை வாங்கி உண்பவராக இருப்பதுதான் நமக்கு விளங்காத புதிர்.

"பூசணம் பிடிக்கிறது, நாற்று மஞ்சளாகிறது" என்பது மூன்றாவது. தாளின்மேல் மெல்லிய வெண்பூசணம் தோன்றுவது உண்டு. தாள் மட்கத் தொடங்குகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நாற்றின் தண்டு அடியில் கருகி மடிந்தால் அது நாற்றழுகல் நோய். அளவுக்கு மீறிய நீரே அதற்கு முதற்காரணம், தொட்டியன்று. தாளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தில் சிறிது எடுத்துக்கொள்வதால் நாற்று வெளிறக்கூடும். தொழுவுரம் அதை ஈடுசெய்யும். ஆடிக்காற்று சுழன்றடிக்கும் நம் சமவெளியில் தொட்டி விரைவில் உலரும் என்பது உண்மை. தட்டின் அடியில் ஈரமணல் பரப்பி வைத்தால் அக்குறை தீரும். தென்மேற்குப் பருவத்தில் நாள் முழுதும் மூடுபனி சூழும் மேல்மலையிலோ இதற்கு மாறாக, தாள் விரைவில் நைந்துவிடும். அங்கே கூரையின்கீழ் வைக்க வேண்டும். இவையெல்லாம் கவனம் கேட்கும் வேலைகள். கவனமே வேண்டாத வேளாண்மை எங்கே இருக்கிறது?

"இது பள்ளிப் பிள்ளைகளின் கைவேலை" என்பது நான்காவது. இதுவே நம்மை மிகவும் வருத்துவது. சூன் 5-ஆம் நாள் சுற்றுச்சூழல் தினத்தன்று பிள்ளைகளைக் கொண்டு பத்துத் தொட்டிகள் செய்து, படம் எடுத்து, மறுநாள் குப்பையில் போடுகிறோம். பிறகு பெரியவர்களின் உண்மையான நாற்றங்காலுக்குப் பாலித்தீன் பைக்கட்டு வாங்கப் போகிறோம். நாம் கைக்கொள்ளாத நெறியைக் குழந்தைக்கு விளையாட்டாகக் காட்டினால், அந்த நெறியே விளையாட்டு என்றுதான் அக்குழந்தை கற்றுக்கொள்ளும். ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் உழவர்கள் சர்க்கரைக் கிழங்கின் நாற்றைக் காகிதக் குழல்களில் வளர்த்து, குழலோடு வயலில் நடும் முறையை 1960-களிலிருந்து கையாண்டு வருகின்றனர். நீண்ட பனிக்காலத்தால் குறுகிப்போன பயிர்க்காலத்தை வெல்ல அவர்கள் கண்ட வழி அது. அதை எவரும் கைவேலை என்று அழைப்பதில்லை. கென்யாவில் 1977-இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கிய வங்காரி மாத்தாயைச் சுற்றித் திரண்ட நாட்டுப்புறப் பெண்கள், கைக்குக் கிடைத்த உடைந்த பாண்டங்களிலும் கன்று வளர்த்தனர். அவர்தாம் 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். கொள்கலம் எளியது என்பதால் பணி எளியதாகிவிடவில்லை.

கடைசியாக எழுப்பப்படுவது ஏலத்தைப் பற்றியது. "உங்கள் காகிதத் தொட்டி ஏலத்துக்கு ஆகுமா?" என்று கேட்கின்றனர். ஆகாது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. முற்றிய காயின் விதையை எடுத்து, அதன்மேல் படிந்த வழவழப்பைக் கழுவி, சாம்பல் கலந்து நிழலில் உலர்த்தி மேட்டுப்பாத்தியில் விதைக்கின்றனர். முளைத்து மூன்று நான்கு இலை விட்டபின் இரண்டாம் நாற்றங்காலுக்கு மாற்றுகின்றனர். அங்கே அது பல மாதங்கள் நிற்க வேண்டும். மழையும் பனியும் ஓயாத அச்சரிவில் எந்தச் செய்தித்தாளும் அத்தனை மாதங்கள் தாங்காது. ஆனால் காகிதம் ஆகாது என்பதால் பாலித்தீன் ஒன்றே வழி என்று ஆகிவிடுமா? இரண்டாம் நாற்றங்காலையும் பாத்தியிலேயே அமைத்து, வேர்மண்ணோடு பெயர்த்து நடும் முறை இன்றும் உண்டு. பக்கக் கன்றுகளைப் பிரித்து நடும் முறையும் உண்டு. இடுக்கி மாவட்டத்து உழவர் ஒருவர் தெரிந்தெடுத்து இன்று ஏலமலையெங்கும் புகழ்பெற்ற ஞள்ளானி இரகம் பரவியது அம்முறையால்தான். கட்டே என்னும் தேமல் நோயில்லாத தூரிலிருந்து மட்டுமே கன்று எடுக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை அதற்கு உண்டு. பையைத் தவிர்க்கவே முடியாத தோட்டங்கள், கொண்டுசென்ற பைகளை எண்ணித் திரும்பக் கொணரட்டும். கொணர்வோருக்கு அந்த நேரத்துக்கான கூலியையும் கொடுக்கட்டும். ஏலத்துக்கு ஆகாத ஒன்றைக் காரணம் காட்டிக் கத்தரிக்கும் பை வாங்குவது, கால் வலிக்குக் கண்ணில் மருந்திடுவதை ஒக்கும்.

மறுபுறம், இன்னொரு மயக்கத்தையும் சுட்ட வேண்டும். சுற்றுச்சூழலுக்கு உகந்த தொட்டி என்று பெயரிட்டு, தொலைவிலிருந்து லாரியில் ஏற்றி, பிளாஸ்டிக் உறையில் பொதிந்து, உயர்ந்த விலைக்கு விற்கும் வணிகம் பெருகிவருகிறது. பணமுள்ளோர் அதை வாங்கி மனநிறைவு பெறுகின்றனர். காகிதத் தொட்டிக்கென்று புதுக்காகிதம் வாங்குவாரும் உளர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல், நாள்தோறும் செய்யத்தக்க எளிய செயல்களை எண்ணிச் சொல்கையில், பிளாஸ்டிக்கோடு காகிதத்தையும் தவிர்க்குமாறு கேட்கிறது என்பதை அவர்கள் நினைவிற்கொள்வது நலம். ஏற்கெனவே தன் வேலையை முடித்துவிட்ட தாளுக்கு இன்னும் ஒரு வேலை கொடுப்பதில்தான் இந்தத் தொட்டியின் பொருள் இருக்கிறது. விலைகொடுத்து வாங்கத் தொடங்கிய அன்றே அது பொருளிழந்துவிடும்.

நம் பங்குகளுக்கு வருவோம். செப்டம்பர் 1-ஆம் நாள் படைப்பைப் பேணுவதற்கான செப நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றும், பங்குத் திருவிழாக்களிலும், வெள்ளிவிழா, பொன்விழாக்களிலும் கன்று வழங்குவது நல்வழக்கமாகிவிட்டது. பீடத்துக்கு முன் வரிசையாக வைக்கப்படும் அந்தக் கருநிறப் பைகளை நாம் காணிக்கையோடு சேர்த்துக் காண்கிறோம். படைப்பைப் பேணுகிறோம் என்று மன்றாடிய கையோடு, மட்காத ஒன்றையும் வீட்டுக்கு வீடு அனுப்பிவைப்பது பொருந்துமா என்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆகவே மூன்றைக் கேட்கிறோம். ஒன்று, இனி ஆலயத்தில் வழங்கப்படும் காய்கறி, முருங்கை, பப்பாளி நாற்றுகள் காகிதத் தொட்டியிலேயே வழங்கப்படட்டும். அன்பியக் கூட்டத்துக்கு வரும் குடும்பங்கள் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஆளுக்குப் பத்துத் தொட்டி செய்து விதையிட்டால் போதும். ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் முதுமொழிக்கேற்ப ஆடித் தொடக்கத்தில் விதைத்தால் ஆவணியில் நட நாற்று இருக்கும். இரண்டு, மா, வேம்பு, புங்கு போன்ற மரக்கன்றுகளைப் பையோடுதான் வாங்க நேரும் எனில், நட்டபின் காலிப் பையை ஆலயத்தில் திரும்ப ஒப்படைப்பவர் பெயரே நட்டோர் பட்டியலில் எழுதப்படட்டும். கிழியாத பையை நாற்றுப்பண்ணை மீண்டும் மண் நிரப்பப் பயன்படுத்தலாம். மூன்று, தோட்டம் உடையவர்களும் மேற்பார்வையாளர்களும் நம் பங்குகளில் உள்ளனர். நடவுக் கூலியில் பை சேகரிக்கும் நேரத்தையும் அவர்கள் சேர்க்கட்டும். இம்மூன்றுள் எதற்கும் மேலிடத்து அனுமதி தேவையில்லை. நன்கொடை வசூலும் தேவையில்லை.

இதனால் மலை முழுதும் தூய்மையாகிவிடும் என்று நாம் கூறவில்லை. தேநீர்க் கோப்பையும் தின்பண்ட உறையும் சாலையோரம் குவிந்திருக்க, நாற்றுப்பையை மட்டும் பேசுவானேன் என்று கேட்கலாம். அவை, தாம் நன்மை செய்வதாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. குப்பை என்ற பெயரோடேயே வருகின்றன. நாற்றுப்பையோ பசுமையின் பெயரால், நம் ஆசியோடு, நம் கைதட்டலோடு மலையேறுகிறது. அதனால்தான் அதைப் பற்றி முதலில் பேச வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அடுத்த முறை நம் கையில் ஒரு கன்று தரப்படும்போது, வாங்குவதற்கு முன், "பையை யாரிடம் திருப்பித் தர வேண்டும்?" என்று கேட்போம். பதில் சொல்வார் இல்லையெனில், இந்த இதழ் வண்ணமும் மெருகும் இல்லாத தாளில் அச்சாகியிருக்குமாயின், படித்து முடித்தபின் இப்பக்கங்களையே சுருட்டித் தொட்டியாக்கிக் கொள்ளலாம். எழுதிய நாமும் அச்சிட்டவரும் அதற்காக வருந்த மாட்டோம்.